கொண்டை ஊசி வளைவில் திணறும் வண்டி: டர்போ காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றுவதும் கேப் வைப்பதும்

சேலத்திலிருந்து ஓமலூர் வழியாக பெங்களூரு ரோட்டில் நூறில் போனால் வண்டியில் ஒரு குறையும் தெரியாது. அதே வண்டி அடிவாரம் தாண்டி ஏற்காடு மலைப்பாதையில் ஏறினால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் விட்டு வெளியே வந்து ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு வெட்டு வெட்டும். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு விட்ட மாதிரி இருக்கும். என் பழைய ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் இது ஆரம்பித்தபோது பெட்ரோலைத்தான் முதலில் திட்டினேன். பிறகு டர்போவைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் குற்றவாளி மூன்றாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக். இத்தனைக்கும் அது புதுப் பிளக், மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மாற்றியது ஊருக்குள் ஒரு ஒர்க்‌ஷாப். கழற்றி அளந்து பார்த்தால் மற்ற மூன்று பிளக்கில் கேப் (பொறி பறக்கும் இடைவெளி) 0.80 மில்லிமீட்டர், மூன்றாம் சிலிண்டரில் மட்டும் 0.92. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியிருக்கிறார்கள், யாரும் அளக்கவில்லை.

அதற்குப் பிறகு பிளக் வேலையை நான் வெளியே கொடுப்பதில்லை. வீட்டு வாசலில் வைத்து, அவசரமில்லாமல், ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற வேலைதான் இது. டர்போ போட்ட பெட்ரோல் வண்டி எது வைத்திருந்தாலும், போலோ டிஎஸ்ஐ, ஐ20 என் லைன், விர்டஸ் ஜிடி என்று எதுவானாலும், முறை ஏறக்குறைய இதுதான். அளவுகள் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

மேட்டில் மட்டும் ஏன் வெட்டுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் கேப் எவ்வளவு வைப்பது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். பிளக்கின் நடுக்கம்பிக்கும் மேலே வளைந்து நிற்கும் தரைக்கம்பிக்கும் இடையே இருக்கும் இடைவெளிதான் கேப். அந்த இடைவெளியை மின்பொறி தாண்ட எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: இடைவெளியின் அகலம், அங்கே நிற்கும் வாயுவின் அடர்த்தி. 1889-இல் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் கண்டு சொன்ன விதி இது. அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் வருகிற அளவு கூடக் கூட, பொறி பறக்க வேண்டிய வோல்டேஜும் கூடும்.

நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. காயிலுக்கு, அதாவது பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் மின்சுருளுக்கு, அது சாதாரண வேலை. வளைவை விட்டு வெளியே வரும்போது கதை வேறு. வண்டி மெதுவாக இருக்கிறது, ஆர்பிஎம் இரண்டாயிரத்துச் சொச்சம், மேடு, நாம் காலை அமுக்குகிறோம், டர்போ முழு பூஸ்டை, அதாவது அழுத்தித் திணித்த காற்றை, கொண்டுவந்து கொட்டுகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகும் நேரம் அதுதான். கேப் கொஞ்சம் அகலமாக இருந்தால் காயில் கொடுக்கும் வோல்டேஜ் போதாது. பொறி பறக்காது, அல்லது பறந்தும் காற்றின் வேகத்தில் அணைந்துபோகும். நமக்கு அது வெட்டாகத் தெரிகிறது. மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார்கள்.

கூடவே இன்னொன்று. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தோடு ஒப்பிட்டால் மேலே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி அந்த அளவுக்கு இழுவையை இழந்துவிட்டுச் சும்மா இருக்கும். டர்போ வண்டியோ குறைந்ததை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுற்றி, அதே அழுத்தத்தைக் கொடுக்கப் பார்க்கும். கூடவே சூடும் ஏறும். ரீமேப் செய்த, அதாவது என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிப் பூஸ்ட் ஏற்றிய வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

முதலில் பிளக்தானா என்று உறுதிசெய்யுங்கள்

வண்டியின் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று இருந்தால் நல்லது. புளூடூத் வகை போதும். பி0300 என்று வந்தால் எல்லாச் சிலிண்டரிலும் கலந்துகட்டி மிஸ்ஸிங். பி0301, பி0302 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர் எண். என் வண்டியில் பி0303. உடனே பிளக் வாங்க ஓட வேண்டாம். மூன்றாவது காயிலை முதலாவதிலும் முதலாவதை மூன்றாவதிலும் மாற்றிப் போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0301 ஆக மாறினால் காயில் கெட்டிருக்கிறது. பி0303 ஆகவே நின்றால் பிளக்கைப் பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை இது.

என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். விட்டுவிட்டு மின்னினால் காலை எடுத்துவிட வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். அதன் விலைக்கு நாற்பது செட் பிளக் வாங்கலாம்.

எந்தப் பிளக்?

வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் பிளக்தான் ஆரம்பப் புள்ளி. மரையின் விட்டம், நீளம், அமரும் விதம் மூன்றும் அதோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும். மரை நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கும். குறைந்தால் ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) மிச்ச மரை முழுக்கக் கரி ஏறும், அடுத்த முறை சரியான பிளக் உள்ளே போகாது.

அடுத்தது ஹீட் ரேஞ்ச். பிளக்கின் முனை 450 டிகிரியைத் தாண்டினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். 850-ஐ ஒட்டிப் போனால் பொறி வரும் முன்பே அந்தச் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். அது பிஸ்டனில் ஓட்டை போடும் வேலை. சூட்டை வேகமாக ஹெட்டுக்குக் கடத்திவிடும் பிளக்கை ‘கோல்ட்’ என்றும், மெதுவாகக் கடத்துவதை ‘ஹாட்’ என்றும் சொல்வார்கள். இதைப் பிளக்கின் மேல் அச்சடித்த எழுத்துகளிலேயே படிக்கலாம். என்ஜிகே கம்பெனிப் பிளக்கில் பிகேஆர்7இ என்றால் அந்த 7 தான் ஹீட் ரேஞ்ச். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் கோல்ட். பாஷில் நேர் தலைகீழ், எண் குறைந்தால்தான் கோல்ட். டென்சோவின் 22 என்ஜிகேயின் 7-க்குச் சமம். கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதாங்க’ என்று வேறு கம்பெனிப் பிளக்கை நீட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரீமேப் செய்யாத வண்டிக்கு ஹீட் ரேஞ்சை மாற்றவே வேண்டாம். செய்த வண்டிக்கு, கூடுதலாக 75 முதல் 100 குதிரைத்திறனுக்கு ஒரு படி கோல்ட் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சாதாரண ஸ்டேஜ் 1 ரீமேப்புக்கு ஒரு படிக்கு மேல் போவதை நான் ஒப்பமாட்டேன். ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டி வரை டிராஃபிக்கில் உருட்டும் வண்டிக்கு இரண்டு படி கோல்ட் பிளக் போட்டால், முனை சூடே ஏறாமல் கரி பிடித்து, காலையில் ஸ்டார்ட் ஆகும்போதே இருமும்.

இரிடியமா, சாதா நிக்கலா? இரிடியத்தில் நடுக்கம்பி வெறும் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த வோல்டேஜிலேயே கிளம்பும், தேய்மானமும் குறைவு. நிக்கல் பிளக் விலை மலிவு, நன்றாகவே வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் தேயும். தேயத் தேய கேப் அகலும். டர்போ வண்டியில் அந்த அகலம்தான் நமக்கு எதிரி. நான் இரிடியமே போடுகிறேன்.

வாங்கும்போது பெட்டியைத் திறந்து பாருங்கள். போலி நிறைய நடமாடுகிறது. செராமிக்கில் அச்சு கோணலாக, நகத்தால் சுரண்டினால் வரும்படி இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மரையின் மேல் இருக்கும் வாஷர் சும்மா கழன்று விழுந்தாலும் அப்படியே.

கேப் வைக்கும் வேலை

வண்டியைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள். மேசையில் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில்.

சேலத்தில் பைக் மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆக்சா பிளேடை எடுத்து பிளக்கின் இடுக்கில் விட்டு, அது உரசிக்கொண்டு போனால் ‘கேப் சரி’. சிரிக்க வேண்டாம், அதில் விஷயம் இருக்கிறது. சாதாரணக் கை ஆக்சா பிளேடின் தடிமன் 0.63 மில்லிமீட்டருக்குப் பக்கம். பழைய பைக்குக்கு அது போதுமான அளவு. நம் வேலைக்கு அது போதாது. இடுக்கின் அகலத்தை அளக்கும் ஃபீலர் கேஜ் வேண்டும், முடிந்தால் கம்பி வகை. தகடு வகையும் புதுப் பிளக்குக்கு ஓடும். தேய்ந்த பிளக்கில் குழி விழுந்திருக்கும் என்பதால் தகடு உண்மை கேப்பைக் குறைத்துக் காட்டும். ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக, ஓரத்தில் சரிவாக இருக்கும் கேஜை இரிடியம் பிளக்குக்குப் பயன்படுத்தவே கூடாது. அதை இடுக்கில் நுழைத்துத் திருகும்போது அழுத்தம் முழுவதும் அந்த ஊசிமுனை மேல் விழும், ஒடிந்துவிடும்.

எவ்வளவு வைப்பது? கம்பெனி நிலையிலேயே இருக்கும் வண்டிக்குக் கையேட்டில் உள்ள அளவு. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி ஊசி டர்போ வண்டிகளில் அது பெரும்பாலும் 0.7, 0.8 பக்கம் இருக்கும். ரீமேப் செய்து பூஸ்ட் ஏற்றிய வண்டிக்கு 0.60 முதல் 0.65 வரை. நான் 0.65 வைத்திருக்கிறேன். இன்னும் குறைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. கேப் சுருங்கினால் பொறியும் சின்னதாகும், அதைச் சுற்றிப் பிடிக்கும் முதல் தீயும் சின்னதாகும். ஐடிலில் வண்டி நடுங்கும், மார்கழிக் காலையில் ஏற்காட்டு விடுதி வாசலில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். மிஸ்ஸிங் வராத அளவுகளிலேயே அகலமானது எதுவோ, அதுதான் சரியான கேப். இன்னொருவர் வண்டிக்கு என்ன வைத்தார் என்பது உங்களுக்கு ஒரு ஆரம்பம், அவ்வளவே.

குறைப்பது இப்படி. பிளக்கைத் தரைக்கம்பி கீழே வரும்படி பிடித்து, ஒரு மரக்கட்டை மேல் மெதுவாக, நேராகத் தட்டுங்கள். தட்டு, அள, தட்டு, அள. பொறுமை இல்லாதவர்கள் ஒரே தட்டில் மூடிவிடுவார்கள். கேப் செட் பண்ணும் பிளையர் இருந்தால் இன்னும் சுலபம். அதிகமாகக் குறைந்துவிட்டால் தரைக்கம்பியை மட்டும் கொக்கியால் பிடித்துத் தூக்க வேண்டும். நடுக்கம்பி மேல் எதையும் ஊன்றி நெம்பக் கூடாது. செராமிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தால் அது பூஸ்டில்தான் தன்னைக் காட்டும். மொத்தத்தில் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் வளைக்க வேண்டியிருந்தால் அந்தப் பிளக் உங்கள் வண்டிக்கானது இல்லை, வேறு வாங்குங்கள். முடிந்ததும் பக்கவாட்டில் பாருங்கள். இரண்டு கம்பிகளும் இணையாக இருக்க வேண்டும். நான்கிலும் கேஜ் ஒரே மாதிரி லேசாக உரசிப் போக வேண்டும்.

கீழே விழுந்த பிளக்கைக் குப்பையில் போடுங்கள். ஆயிரம் ரூபாயானாலும் சரி.

கழற்றுவது

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். மலை இறங்கி வந்த கையோடு பானட்டைத் திறக்காதீர்கள், ராத்திரி முழுக்க விட்டு மறுநாள் காலையில் ஆரம்பியுங்கள். ஹெட் அலுமினியம். சூட்டில் அதன் மரை இளகி இருக்கும்போது இரும்பு பிளக்கைத் திருகினால் மரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

(ஒரு சின்ன விஷயம். பிளக்கின் வெள்ளைச் செராமிக் அலுமினா. அலுமினியத்துக்கும் அலுமினாவுக்கும் தாய் பாக்சைட். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. பிளக்கும் ஹெட்டும் ஒரே மண்ணின் இரண்டு பிள்ளைகள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.)

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். என்ஜின் மேல் மூடியை மூலை மூலையாக நேராக மேலே இழுங்கள், ரப்பர் புஷ்ஷில்தான் நிற்கும். காயில் கனெக்டரில் இருக்கும் பூட்டை முதலில் பின்னால் இழுத்து, அப்புறம் அமுக்கிக் கழற்ற வேண்டும். வருடக்கணக்கில் சூடு பட்ட பிளாஸ்டிக், முறுக்கினால் பிஸ்கட் மாதிரி உடையும். காயிலை ஒரு போல்ட் பிடித்திருந்தால் அதை எடுத்துவிட்டு, காயிலை லேசாக இப்படி அப்படித் திருப்பி நேராக மேலே இழுங்கள். சாய்த்து நெம்ப வேண்டாம்.

இப்போது பலர் தவறவிடும் இடம். பிளக்கைத் தளர்த்தும் முன் அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சேலத்தில், அதுவும் மாக்னசைட் வெள்ளைப் புழுதி பறக்கும் பக்கம் குடியிருந்தால், உள்ளே மாவு மாதிரி படிந்திருக்கும். அப்படியே பிளக்கை எடுத்தால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். கண்ணாடி போட்டுக்கொண்டு காற்று அடித்து ஊதிவிடுங்கள். கம்ப்ரசர் இல்லையென்றால் கணினி துடைக்கும் ஊதுகுழலும் போதும்.

பிளக் சாக்கெட் பெரும்பாலும் 16 மில்லிமீட்டர், சில வண்டிக்கு 14. உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்க வேண்டும். நீளமான எக்ஸ்டென்ஷனை நேராக நிறுத்தி, ராட்செட்டால் கால் சுற்று தளர்த்துங்கள். கிரீச்சென்று இறுகினால் பலம் காட்டாதீர்கள். கொஞ்சம் மறுபடி இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். எடுத்த பிளக்குகளை ஒரு முட்டை அட்டையில் 1, 2, 3, 4 என்று எழுதி வரிசையாக வையுங்கள். திறந்த குழிகள் மேல் சுத்தமான துணி போட்டு மூடுங்கள். ஒருமுறை மாமரத்துப் பூ ஒன்று என் இரண்டாம் சிலிண்டரை நோக்கிப் பறந்து வந்ததை நான் கையால் பிடித்திருக்கிறேன்.

பழைய பிளக் சொல்லும் சேதி

முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எல்லாம் நலம். காய்ந்த கறுப்புத் தூள் என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பிளக் தேவைக்கு மேல் கோல்ட், அல்லது குட்டிக் குட்டி ஓட்டம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் ஆயில் உள்ளே வருகிறது, புதுப் பிளக் அதைத் தீர்க்காது. செராமிக் வெள்ளை வெளேரென்று, கொப்புளம் கொப்புளமாக இருந்தால் சூடு அதிகம். அதன் மேல் மிளகுப் பொடி தூவியது போல மினுங்கும் புள்ளிகள் இருந்தால் அவை பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். நாக்கிங், அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது, நடந்திருக்கிறது. ரீமேப் செய்தவரிடம் அன்றைக்கே பேசுங்கள், அதுவரை பூஸ்ட் வேண்டாம்.

செராமிக்கின் வெளிப்பக்கம், உலோகம் ஆரம்பிக்கும் இடத்துக்கு மேலே ஒரு பழுப்பு வளையம் இருக்கும். வாயு கசிகிறது என்று பலர் பயப்படுவார்கள். மின்புலத்தால் எண்ணெய்த் துகள் ஒட்டிய கறை அது, கெடுதல் இல்லை. ஆனால் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு போட்ட மாதிரி கறுப்புத் தடம் இருந்தால், மின்சாரம் கேப்பைத் தாண்டாமல் வெளிப்பக்கமாக ஓடியிருக்கிறது. கேப் அகலமானதற்குப் பெரும்பாலும் அது சாட்சி. என் மூன்றாம் பிளக்கில் அந்தக் கோடு இருந்தது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே தடம் இருக்கும், அதையும் மாற்ற வேண்டும். பழைய பிளக்கையே உப்புத்தாளால் தேய்த்துப் போடுவது நிக்கல் காலத்து வழக்கம். இரிடியத்தில் அதைச் செய்தால் முனையே போய்விடும்.

மாட்டுவது

புதுப் பிளக்கின் மேல் முனையில் ஒரு முழ நீள ரப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்தே குழிக்குள் இறக்கித் திருகுங்கள். முதலில் இடப்பக்கம் திருப்பினால் ‘டக்’ என்று மரை விழும் இடம் கைக்குத் தெரியும், அங்கிருந்து வலப்பக்கம். மரை கோணலாக ஏறினால் ரப்பர் வழுக்கிவிடும், ராட்செட் மாதிரி முரட்டுத்தனமாக உள்ளே தள்ளாது. ஐந்தாறு சுற்று கையாலேயே போக வேண்டும். போகவில்லையென்றால் வெளியே எடுத்து மறுபடி.

அடுத்தது டார்க் ரெஞ்ச், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர். வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் மரைப் பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் மரை என்றால் 15 முதல் 20. உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். டார்க் ரெஞ்ச் கிடைக்கவில்லையென்றால், கையால் இறுகி நின்ற இடத்திலிருந்து புதுப் பிளக்கை அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் திருப்பினால் வாஷர் நசுங்கி அமரும். முன்பே நசுங்கிய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். வாஷர் இல்லாமல் கூம்பாக அமரும் வகைக்குப் பதினாறில் ஒரு பங்கு, அவ்வளவுதான். இறுக்கம் குறைந்தாலும் ஆபத்து, அமராத பிளக் சூட்டைக் கடத்தாது. கூடினால் பிளக்கின் கழுத்து இழுபட்டு உள்ளே செராமிக் ஆடும், மரையும் போகும்.

மரை இறுகிப் பிடிக்காமலிருக்க ஆன்டி சீஸ் கிரீஸ் தடவச் சொல்வார்கள். இன்றைய பிளக்குகளின் மரையில் ஏற்கெனவே முலாம் இருக்கிறது, வேண்டாம். வழுக்கலால் ரெஞ்ச் காட்டும் எண்ணைவிடப் பிளக் அதிகமாக இறுகிவிடும். காயிலின் ரப்பர் உறையின் வாயில் மட்டும் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் கடுகளவு, அது போதும்.

காயிலை அழுத்தினால் பிளக் தலையில் ‘டப்’ என்று அமர்வது தெரியும். கனெக்டர், பூட்டு, போல்ட், பேட்டரி, மூடி. ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, ஸ்கேனரில் மிஸ்ஃபயர் (மிஸ்ஸிங்) எண்ணிக்கையைப் பாருங்கள். சுழியமாக இருக்க வேண்டும். பிறகு கோரிமேடு வழியாக மலைக்கு விடுங்கள். இருபது வளைவையும் வேகமாக எடுக்க வேண்டிய அவசியம் கிடையாது. மேடு ஏறும் வழியில், பின்னால் பஸ் இல்லாத நேரான ஓரிடத்தில், மூன்றாவது கியரில் இரண்டாயிரம் ஆர்பிஎம்மிலிருந்து சீராக மிதித்தால் போதும், பிளக்குக்கு அதைவிடக் கடினமான பரீட்சை இல்லை. அருகில் உட்கார்ந்தவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். எண் ஏறினால் 0.05 குறைத்து மறுபடி ஒருமுறை. என் வண்டிக்கு 0.70-இல் எப்போதாவது ஒன்றிரண்டு விழுந்தது, 0.65-இல் அதுவும் நின்றது.

ரீமேப் செய்த வண்டியில் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கழற்றி அளந்துவிடுகிறேன். போன முறை நான்கும் 0.67-க்கு வந்திருந்தன. தட்டிச் சரிசெய்து அதே துளைகளில் மாட்டினேன், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று.